கரணை பூத்த கிணற்றடி

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. போட்டவர், நாலாம் வகுப்பில் கடைசி வரிசைப் பின்வாங்கில் இருந்து என் பின்னலை இழுத்தவர். வெளிநாட்டுக் குளிர் போதும் என்று ஊர் வீட்டைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். படத்தில் மரநிழல், கறுத்த ஈர மண், உக்கின சருகு. அதன் நடுவே இலையும் இல்லாமல் தண்டும் இல்லாமல், ஈரலின் நிறத்தில் சுருக்கம் விழுந்த ஒரு பெரிய உருண்டை. அதைச் சுற்றிக் கொசுவம் வைத்த பாவாடை போல ஒரு மடல்.

படத்தோடு அவருடைய குரலும் வந்தது. "உது என்ன சாமான்? மூண்டு நாளாய் வீட்டுக்குப் பின்னாலை ஒரே செத்த நாத்தம். பக்கத்து வீட்டுக்காரர் எதையோ கொண்டுவந்து எறிஞ்சிருக்கினம் எண்டு தேடிப் போனால் உது நிக்குது. நாளைக்கு ஆளைப் பிடிச்சு மரமெல்லாத்தையும் தறிச்சு வெளியாக்கிப்போட்டு, மதிலையும் ரெண்டு வரி உயத்தப்போறன்."

உடனே எங்கள் பண்டிதர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் காளான் என்றார். ஒருவர் செய்வினை, தேசிக்காய் வெட்டு என்றார். இன்னொருவர் தன் கைபேசியிடம் கேட்டு, வாயில் நுழையாத ஒரு பெயரைக் கொண்டுவந்து போட்டார்.

எனக்கு அந்தப் படம்கூடத் தேவையில்லை. "செத்த நாத்தம்" என்று அவர் சொன்ன இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பின்வாங்குக்காரரே, உங்களுக்கும் எனக்கும் ஒரே வயதுதான். மறதி உங்களுக்கு வந்திருக்கலாம், எனக்கு வரவில்லை. குழுவில் தட்டினால் விரல் நோகும் என்பதால் ஆற அமர இங்கே எழுதுகிறேன். மரத்தைத் தறிக்க ஆள் பிடிக்க முதல் இதை வாசியுங்கள்.

எங்களுடையது சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். புகையிலை, வெங்காயம், மிளகாய். ஒரு சாண் மண் சும்மா கிடந்தால் என் தகப்பனார் ஐயாவுக்கு நித்திரை வராது. வேலிக்கரையில்கூட நாலு மரவள்ளித் தடி ஊன்றிவிடுவார். அப்படிப்பட்டவருடைய வளவில், கிணற்றுக்குப் பின்னால், இரண்டு பரப்பு நிலம் முழுக் காடாகக் கிடந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

காரணம் மிகவும் எளியது. அந்த இரண்டு பரப்பும் யாருக்கு என்று தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் தமையன். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. கிணற்றுக்கு முன்னால் எல்லை தெளிவாக இருந்தது, வேலியும் இருந்தது. கிணற்றுக்குப் பின்னால் எல்லை எப்படி வளைகிறது என்பதில் ஐயா ஒன்று சொன்னார், மாமா ஒன்று சொன்னார். ஐயா ஒரு வாழைக்குட்டி வைத்தால் மாமா பிடுங்கினார். மாமா ஒரு கமுகம்பிள்ளை வைத்தால் ஐயா பிடுங்கினார். கடைசியில் இருவருமே ஒன்றும் வைக்காமல் விட்டார்கள். நாவலும் இலுப்பையும் மருதும் யாரையும் கேட்காமல் வளர்ந்தன. எங்கள் ஊரில் காட்டை வளர்த்தது சண்டைதான்.

கிணற்றடியில் குளித்த தண்ணீர், உடுப்புத் தோய்த்த தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் ஓடும். பங்குனி வெயிலில் வாசல் தெருவான ஒழுங்கையின் மண் காலைச் சுடும்போதும் அதற்குள் நிலம் குளிர்ந்திருக்கும். பல வருடச் சருகு உக்கி மண் கறுத்துப்போய், கையில் அள்ளினால் சவர்க்காரமும் இலுப்பைப்பூவும் கலந்த ஒரு மணம் வரும். கொடிகள் மேலே பின்னிக் கிடந்ததால் வெளிச்சம் காசு காசாகத்தான் விழும். செண்பகப் பறவை உள்ளே எங்கேயோ இருந்து ஊம் ஊம் என்று கூப்பிடும், ஆளைக் காட்டாது. வாயிலில் காரை முள் அடர்ந்திருந்ததால் பெரியவர்கள் போவதில்லை. மாமாவின் கடைசி மகள், என்னோடொத்த மச்சாள், அவள் அந்தப் பக்கத்தாலும் நான் இந்தப் பக்கத்தாலும் முள்ளுக்குக் கீழே தவழ்ந்து உள்ளே சந்திப்போம்.

எங்கள் குசினி அங்கேதான் இருந்தது. சிரட்டையை வட்டமாக அடுக்கி, மண்ணைச் சோறாக்கி, இலையைக் கறியாக்கிச் சமைப்போம். குசினிக்குக் கூரையும் இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் அங்கே ஒரு செடி வரும். ஒரே ஒரு தண்டு, எங்கள் தோள் உயரம், பாம்புத் தோல் போலப் புள்ளியும் சொரசொரப்பும். உச்சியில் பல கிளையாகப் பிரிந்து விரிந்த ஒரே ஓர் இலை. நாங்கள் அதற்குப் பாம்புக்குடை என்று பெயர் வைத்திருந்தோம். அதன் கீழே இருந்தால் மழைத் தூறல் படாது. தை மாதம் முடிய அது மஞ்சளாகிச் சரிந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த வருடம் அது சரிந்தபோது எங்கள் சிரட்டைகளோடு என்னுடைய நீலக்கரை போட்ட எனாமல் கோப்பையும் உள்ளே எங்கேயோ போயிற்று. அது அம்மா பால் குடித்து வளர்ந்த கோப்பை. அதைத் தொலைத்ததற்கு நான் வாங்கிய குட்டுகள் இன்னும் தலையில் இருக்கின்றன.

இனிக் கதைக்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சு முடிந்திருந்தது. அக்காவுக்கும் மாமாவின் மூத்த மகனுக்கும் வைகாசியில் கலியாணம். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் விருப்பம் என்பது ஊருக்கே தெரியும், ஐயாவுக்கும் மாமாவுக்கும் கடைசியாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு இருவரும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அந்த இரண்டு பரப்பையும் அக்காவின் சீதனமாக விட்டுவிடுவது, யாருடையது என்ற கேள்வியே வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். எத்தனையோ வருட வழக்கு ஒரு வெற்றிலைத் தட்டோடு முடிந்தது. அம்மா நிலத்தில் கால் படாமல் திரிந்தாள்.

சித்திரைச் சிறுமாரி இரண்டு நாள் நன்றாகப் பெய்தது. அது விட்ட பிறகு ஒரு மாலையில் அக்கா வெறும் வாளியோடு கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தாள்.

"அம்மா, கிணத்தடியிலை ஏதோ செத்துக் கிடக்குது போல. நிக்க ஏலாமல் மணக்குது."

கிணற்றுக்குள் பூனை கீனை விழுந்திருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம். அடுத்த நாள் வெயில் ஏறின பிறகு ஐயா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய், வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் அடித்துப் பார்த்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. நாற்றமும் இல்லை. அக்காவின் மூக்கில்தான் பிழை என்று எல்லாரும் சிரித்தோம்.

மற்ற நாள் பின்னேரம் ஐயா தோட்டத்தால் வந்து கைகால் கழுவப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சை பாரும், உம்மடை தமையன்ரை மாடு போன கிழமை செத்ததெல்லோ? அதை எங்கை கிடங்கு வெட்டித் தாட்டவர்?"

"தங்கடை கோடித் தென்னையடியிலை தாட்டதெண்டு சொன்னவர். ஏன் கேக்கிறியள்?"

"தென்னையடியிலை தாட்டால் தென்னையடியிலையெல்லோ மணக்க வேணும்? கிணத்தடிக்குப் பின்னாலை ஏன் மணக்குது?"

அம்மாவுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்க் காணிக்காரருக்கு உடனே விளங்கும். ஐயா அதை விரலை மடித்து மடித்துச் சொன்னார். "இண்டைக்கு மாட்டைத் தாப்பார். நாளைக்கு நல்ல பசளையெண்டு அதுக்கு மேலை ஒரு தென்னம்பிள்ளை வைப்பார். அது காய்க்கேக்கை காணி ஆற்றை எண்டு ஆரும் கேக்க ஏலுமோ?"

"கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. காணியை விட்டாச்சு. பிறகேன் அண்ணை உந்த வேலை பாக்கிறார்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

சிரிக்காதீர்கள். வேறு ஊரில் நாறினால் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் ஊரில் நாறினால் எல்லைக்கல்லைத் தேடுவார்கள். ஐயா ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் வேலியைப் பார்த்தபடி இருந்த கண்ணுக்கு எல்லாமே வேலியாகத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் ஐயாவும் மாமாவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கதைத்தார்கள். நாற்றம் அப்போது இல்லை. அதனால் பேச்சு இன்னும் பிழையாகிப்போனது.

"செத்த மாட்டை ரெண்டு தரம் கிடங்கு வெட்டித் தாக்கிறதுக்கு எனக்கென்ன விசரே மச்சான்?" என்றார் மாமா.

"பின்னை நாத்தம் ஆற்றை?"

"காணி உங்கடை எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னியள். அப்ப நாத்தமும் உங்கடைதான்."

இதைக் கேட்டு மாமாவின் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. ஐயா கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வேலியில் பச்சைக் கிளுவைத் தடிகள் வெட்டிக்கொண்டு வந்தார். வேலிக்கு நடும் அந்தத் தடியைத்தான் நாங்கள் கதியால் என்போம். கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பொட்டில் அவற்றை நெருக்கமாக நட்டு, குறுக்கே பனைமட்டை வைத்து வரிந்து கட்டினார்.

பொட்டு என்றால் வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. கதவு கிடையாது. அதனால்தான் அதற்கு மதிப்பு. அம்மா காய்ச்சிய கூழ் அதனால் போகும், மாமி சுட்ட பணியாரம் அதனால் வரும். காய்ச்சல்காரனைப் பார்க்க, உப்புக் கேட்க, கோபத்தில் வீட்டை விட்டுப் போக, கோபம் ஆறித் திரும்பி வர எல்லாம் அந்தப் பொட்டுத்தான். அதை அடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கலியாணம் நின்றுவிட்டது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அம்மா அழுதாள். "என்ரை தமையனை மாடு தாட்ட கள்ளன் எண்டிட்டாரே" என்று அடுப்புக்குச் சொன்னாள். அக்கா அழவில்லை. வழக்கம்போல முற்றம் கூட்டினாள், தண்ணீர் அள்ளினாள், என் தலையை இழுத்துப் பின்னினாள். காலையில் கிணற்றடிக்குப் போனால் மட்டும், அடைத்த பொட்டடியில் சற்று நின்று, ஒரு கதியாலைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பாள். பாவம், அத்தானை நினைத்து நிற்கிறாள் என்று நானும் நினைத்தேன், அம்மாவும் நினைத்தாள். அக்கா வாயில்லாப் பூச்சி, சொன்னபடி கேட்பாள் என்பதில் ஐயாவுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பொட்டை அடைத்தவர்கள் காட்டை அடைக்க மறந்துவிட்டார்கள். மச்சாளும் நானும் முள்ளுக்குக் கீழே தவழ்ந்து வழக்கம்போலச் சந்தித்தோம். அவள் தங்கள் வீட்டுச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"உன்ரை ஐயாதான் மீன் கழிவைக் கொண்டுவந்து கொட்டினவராம். அக்காவுக்கு அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்யிற மாப்பிள்ளை வந்திருக்காம். எங்கடை அண்ணையை வேண்டாமெண்டு சொல்ல வாய் வராமல் கிணத்தடியை நாறப் பண்ணுறாராம்."

"ஆர் சொன்னது?"

"எங்கடை அப்பா. அம்மா சொல்லுறா செய்வினையாம்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நாற்றம் வாய்க்குள் போயிற்று. பின்னேர வெயில் சரிந்துகொண்டிருந்தது. அது வரை ஒன்றும் இல்லை. பிறகு யாரோ மூடியைத் திறந்தது போல வந்தது. மச்சாள் ஓடப் பார்த்தாள், நான் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஈக்கள் எங்களைத் தாண்டி ஒரே பக்கமாகப் போயின. ஈ போகும் வழியே நாங்களும் போனோம்.

அதுதான் இது. உங்கள் படத்தில் நிற்பது. சருகைத் தள்ளிக்கொண்டு நிலத்திலிருந்து நேரே எழும்பி, மடல் விரிந்து, நடுவில் கத்தரிக்காய் நிறத்தில் அந்த உருண்டை. ஈக்களும் கறுத்த வண்டுகளும் மடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு, வாடிச் சுருண்டு சரிந்து கிடந்தன. அவற்றில் நாற்றம் இல்லை. அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒவ்வொன்றாகப் பூத்து, பின்னேரத்தில் நாறி, சில நாளில் ஓய்ந்துவிடுகிறது. மத்தியானத்தில் கண்ணாடியோடு வந்து தேடுபவருக்கு எப்படி அகப்படும்?

"பேய்" என்றாள் மச்சாள்.

நான் அதன் தலையைத் தொட்டேன். சூடாக இருந்தது! அடுப்பிலிருந்து இறக்கி ஆற வைத்த கிழங்கு எப்படி இருக்குமோ அப்படி. கையை எடுத்துவிட்டு அதன் அடியைப் பார்த்தபோதுதான் சிரட்டைகளைக் கண்டேன். எங்கள் சிரட்டைகள், நாங்கள் அடுக்கிய அதே வட்டத்தில். அந்த வட்டத்தின் நடுவே பூ. பூவின் தோளில், மண் முட்டித் தூக்கிச் சரித்து விட்டபடி, என் நீலக்கரைக் கோப்பை.

நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன், அந்தக் கோப்பை மட்டும் தொலையாமல் இருந்திருந்தால் நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம். பாம்புக்குடை நின்ற இடமும் இந்தப் பூ வந்த இடமும் ஒன்று. இலை இருக்கும்போது பூ இல்லை. பூ இருக்கும்போது இலை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கண்டவர் கிடையாது. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்தவரும் கிடையாது.

கோப்பையோடு ஓடினேன். ஐயா வாங்குப் பலகையில் இருந்து புகையிலை கிழித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூ நாறுமோ? விசர்க் கதை கதையாதை. போய்க் கையைக் கழுவு."

பூ என்றால் மணக்க வேண்டும், நாறினால் அது பூ இல்லை. ஐயாவின் சட்டம் அவ்வளவுதான். நான் விடவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும்தானே, அன்றைக்கும் நான் இப்படித்தான். ஐயாவின் சால்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் அலவாங்கையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார், மாட்டைக் கிண்டி எடுத்து மாமாவின் முற்றத்தில் போடுகிற எண்ணத்தோடு. அந்தப் பக்கத்தில் மச்சாள் வைத்த கூச்சலில் மாமாவும் மண்வெட்டியோடு காரை முள்ளை வெட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவும் அக்காவும் பின்னால் வந்தார்கள்.

இரண்டு பேரும் அந்தப் பூவின் இரண்டு பக்கத்திலும் நின்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்பார்களே, அந்தப் பூதத்தைக் கண்ட முகம் இருவருக்கும்.

"மாடு உதுக்குக் கீழைதான் கிடக்குது" என்றார் ஐயா.

"கிண்டுங்கோ. கிண்டிப் பாருங்கோ" என்றார் மாமா.

ஐயா அலவாங்கால் ஒரு குத்து. அது எதையோ தறித்துக்கொண்டு இறங்கியது. நெம்பினார். வந்தது மாடு இல்லை, மனிதத் தலை அளவில் ஒரு கிழங்கு. ஒரு பக்கம் வெட்டுப்பட்டு உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, சாறு வழிந்தது. ஐயா அதை இரண்டு கையாலும் தூக்கினார். "இஞ்சை தாங்கோ பாப்பம்" என்று மாமா மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அந்த நேரத்திலும் அது யாருடையது என்ற இழுபறிதான். கிழங்கு பிளந்து இருவர் கையிலும் பாதி பாதி வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாமா இடது உள்ளங்கையை இடுப்புச் சாரத்தில் தேய்த்தார். ஐயா முழங்கையைச் சொறிந்தார். மாமா கழுத்தைச் சொறிந்தார். தொட்ட இடமெல்லாம் அரிப்புப் பற்றியது.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அதுவரை அழுத முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"உது கரணை. ஐயோ, உது காட்டுக் கரணையெல்லோ! தைப் பொங்கலுக்குக் கறி வைக்கேக்கை என்ரை கை கடிச்ச கடி எனக்குத் தெரியாதே? நில்லுங்கோ, பழப்புளி கரைச்சுக்கொண்டு வாறன்."

பாருங்கள், கரணைக் கிழங்கு எங்களுக்குப் புதியதில்லை. தோட்டத்தில் நடுவோம், உரிய காலத்தில் கிண்டுவோம், புளி விட்டுக் கறி வைப்போம். கிண்டாமல் வருடக்கணக்கில் விட்டால்தான் அது பூக்கும். கிழங்கைக் கண்டதும் கிண்டுகிற சனத்துக்குப் பூவைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட ஒன்றின் பூவை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. சண்டை பிடித்து ஒருவரும் கை வைக்காத அந்த இரண்டு பரப்பில் மட்டும் அது ஆற அமர இருந்து பூத்தது.

அம்மா கொண்டுவந்த ஒரே சட்டிப் புளித்தண்ணீரில் இருவரும் கையை விட்டுக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, ஐயாவுக்கும் வந்தது, இருவரும் அடக்கினார்கள். இதோடு எல்லாம் சரி என்று நான் நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்? உண்மை தெரிந்தால் பெரியவர்கள் திருந்துவார்கள் என்று நினைப்பதுதானே பிள்ளைப் புத்தி.

கை ஆறியது. இருவரும் எழும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஐயா இந்தப் பக்கத்தாலும் மாமா முள் வழியாகவும் போனார்கள். பொட்டு அடைத்தபடியே இருந்தது.

"அடைச்சவர் திறக்கட்டும்" என்றாராம் மாமா. "ஒரு வார்த்தை வந்து கேக்கட்டும், திறக்கிறன்" என்றார் ஐயா. மாடு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மீன் கழிவு இல்லை என்பதும் தெரியும். இப்போது அடைத்திருந்தது நாற்றத்துக்காக இல்லை, யார் முதலில் குனிவது என்பதற்காக. பிழை விட்டதைவிட, பிழை என்று தெரிந்த பிறகு விட்ட அந்த நாட்கள்தான் பெரிய பிழை. இந்த வயதில் அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வைகாசி பிறக்கப்போகிறது என்று அம்மா தினமும் பஞ்சாங்கத்தைத் தூக்கி வைத்தாள், ஐயா காணாதது போல வெங்காயம் கட்டிச் சுன்னாகம் சந்தைக்குப் போனார்.

மழை இன்னொரு தரம் பெய்தது. அடுத்த நாள் விடிய ஐயா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். வேலிக்கு அப்பால் மாமா துலாவைப் பிடித்துத் தண்ணீர் அள்ளினார். கிணற்றுக்கு இரண்டு பக்கத்திலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பது வழக்கமாகிவிட்டது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு வந்தாள், வாளிக்குள் கத்தி. வாளியை வைத்துவிட்டுப் பொட்டடிக்குப் போய், பனைமட்டைக் கட்டைக் கத்தியால் அறுத்தாள். பிறகு ஒரு கதியாலை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி, மேலே இழுத்தாள். அது ஈர மண்ணோடு வந்தது. அதன் கணுவில் பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது. அடியில் வெள்ளையாக ஒரு மொட்டு வேர்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" ஐயாவின் வாயில் வேப்பங்குச்சி அப்படியே நின்றது.

"இண்டைக்குப் பிடுங்காட்டி வேர் பிடிச்சிடும் ஐயா. நான் ஒவ்வொரு நாளும் ஆட்டிப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் அடுத்ததைப் பிடித்தாள். குரல் உயரவில்லை. முற்றம் கூட்டும்போது கதைக்கும் அதே குரல். "மாப்பிள்ளை ஊரறிய ஒழுங்கையாலை வரட்டும். மாமா வாறது உந்தப் பொட்டாலைதான். அதாலை வர ஏலாட்டி எனக்குக் கலியாணம் வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அத்தனை நாளும் அங்கே நின்றது கண்ணீர் விடுவதற்கில்லை. வேர் விட்டதா என்று பார்ப்பதற்கு. இரண்டு பேரும் தாங்களாகப் பிடுங்கட்டும் என்று பொறுக்கக்கூடிய கடைசி நாள் வரை பொறுத்திருந்தாள். பச்சைக் கிளுவை வேரோடினால் பிறகு அது கதியால் இல்லை, மரம். மரமான வேலியை எந்த மகளாலும் தனியே பிடுங்க முடியாது. அன்றைக்கு நான் அவளைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன், பெருமையில் எனக்கு அழுகை வந்தது.

துலாவில் வாளி அந்தரத்தில் தொங்கியது. ஐயா என்ன சொல்லப்போகிறார் என்று நானும் மாமாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐயா வேப்பங்குச்சியைத் துப்பினார்.

"கதியாலை எறிஞ்சுபோடாதை" என்றார். "துளிர்த்தது. மாட்டுக்கொட்டிலடியிலை நடலாம்."

ஐயா தன் வாழ்நாளில் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மாமாவுக்கு அது போதுமாயிருந்தது. வாளியை விட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கத்தில் நின்ற கடைசிக் கதியாலைத் தானே பிடுங்கினார். "எங்கடை பக்கத்து மண்ணிலை துளிர்த்தது. இது எனக்கு" என்றார். ஐயா சிரித்துவிட்டார். மாமா அந்தப் பொட்டால் நுழைந்து வந்து எங்கள் குசினி வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. சீதனமாக வந்த அந்த இரண்டு பரப்பில் வாழை வைக்கலாம் என்று ஐயா சொன்னார், கமுகு வைக்கலாம் என்று மாமா சொன்னார். அக்கா இரண்டும் வேண்டாம் என்றாள். அது அப்படியே இருந்தது.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். போர் வந்து எல்லாரும் ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேலி இருந்த அடையாளம் இல்லை, ஐயாவும் மாமாவும் இல்லை. என் கோப்பை எங்கே போனதோ தெரியாது. சித்திரை மழைக்குப் பிறகு ஒரு பின்னேரம் கிணற்றடிப் பக்கமிருந்து அந்த நாற்றம் வந்தது. அக்காவும் நானும் மச்சாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மண்ணுக்குக் கீழே அது மட்டும் எங்கேயும் இடம்பெயராமல் இருந்திருக்கிறது.

அக்கா இப்போதும் அந்த வளவில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் கல் மதில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா வீட்டில் இப்போது மச்சாள் இருக்கிறாள். கிணற்றடிக்கு வந்தபோது மேசன் கேட்டாராம், இதிலே சின்னக் கேற் ஒன்று போடவோ என்று. "கேற் வேண்டாம். ஓராள் போற அளவுக்கு விட்டிட்டுக் கட்டும்" என்றாளாம் அக்கா. எங்கள் ஊரில் பொட்டு வைத்த மதில் அது ஒன்றுதான். வந்து பாருங்கள்.

ஆகவே, பின்வாங்குக்காரரே, உங்கள் கேள்விக்குப் பதில். அது காளான் இல்லை, செய்வினை இல்லை. காட்டுக் கரணை. அதற்கு நிழல் வேண்டும், உக்கின சருகு வேண்டும், ஈரம் வேண்டும், பல வருடம் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். நீங்கள் இவ்வளவு காலமும் வளவைப் பாராமல் விட்டதால்தான் அது பூத்திருக்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள். தொட்டால் புளி கரையுங்கள். மாரிக்கு அதே இடத்தில் பாம்புத்தோல் தண்டில் ஒரு குடை வரும், அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

மரத்தைத் தறிக்காதீர்கள். மதிலை உயர்த்தாதீர்கள். இன்றைக்குப் பின்னேரம் நாறத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பூவைக் காட்டுங்கள். மூன்று நாளாக அவரும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.